அத்தானின் கையெழுத்தும் அக்காவின் வீடும்

நான் குடியிருக்கும் வீடு என்னுடையது அல்ல. மானிப்பாயில் நல்ல கல்வீடு. முன்னுக்கு விறாந்தை, பின்னுக்குக் கிணறு, மூலையில் ஒரு விலாட்டு மாமரம். எல்லாம் என் மனைவியின் சீதனம். முப்பத்தாறு வருடமாக அதில் சாப்பிட்டு, படுத்து, ஓடு மாற்றி, சுவருக்கு வெள்ளை அடித்து வருகிறேன். சண்டை வந்தால் மட்டும் அது யாருடைய வீடு என்பது எனக்கு நினைவூட்டப்படும். யாழ்ப்பாணத்து ஆம்பிளைகளில் பாதிப் பேரின் கதி இதுதான். மற்றப் பாதி பொய் சொல்கிறது.

ஆகவே நீர்வேலியில் இருந்த அக்காவின் வீட்டில் எனக்கு ஒரு கண் இருந்தது. ஒளித்து என்ன பயன்? அம்மா பெற்றது எங்கள் இரண்டு பேரையுந்தான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. நாலு பரப்புக் காணி, மூன்று அறை வீடு, பின்பக்கம் முழுக்கக் கப்பல் வாழை. அந்த வீட்டு வாசல் படலையில் நான் ஒருநாளும் நின்று கூப்பிட்டதில்லை. சைக்கிளைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் சாத்திவிட்டு நேரே குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். அது நான் பிறந்த வீடு, நாளைக்கு எனக்கு வரப்போகிற வீடு. இடையில் அக்கா அதில் இருந்தா, அவ்வளவுதான்.

அத்தான் கலியாணம் முடித்து இரண்டாம் வருடம் நோர்வேக்குப் போனவர். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு வருடம் ஒரு கடிதம். பிறகு கடிதமே இல்லாமல், யாரோ கொண்டுவந்து காட்டிய படம் ஒன்று வந்தது. பனியில் அத்தான், பக்கத்தில் ஒரு பெண், முன்னால் இரண்டு பிள்ளைகள். அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "தொப்பி நல்லாயிருக்கு" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தா.

அப்போது விவாகரத்து எடுக்கலாமா என்று அக்கா என்னிடம் கேட்டா. நான் துள்ளி விழுந்தேன். "உனக்கென்ன விசரே? எங்கடை குடும்பத்திலை ஆர் கோட்டுக்குப் போனது?" என்று கத்தினேன். அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. அன்றைக்கு நான் குடும்ப மானத்தை நினைத்துத்தான் கத்தினேன், சத்தியமாக. ஆனால் சில வருடங்களுக்குப் பிறகும் அதே கதை வந்தது, அப்போதும் நான் அதே கத்தல் கத்தினேன். அந்த இரண்டாவது கத்தலுக்குள் வேறு ஒரு கணக்கு இருந்தது.

அந்தக் கணக்கு எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி தன் சீதனக் காணியில் ஒரு துண்டை ஒழுங்கையை அகலமாக்க விட்டுக்கொடுத்தபோது, காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு என்னையும் கூப்பிட்டார். எங்கள் தேசவழமைச் சட்டப்படி, கலியாணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதானாலும் சும்மா கொடுப்பதானாலும் புருஷன் எழுத்தில் சம்மதிக்க வேண்டுமாம். காணி அவவின்ரை, கையெழுத்து என்ரை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வீட்டில் எனக்கு ஒரு மரியாதை கிடைத்தது. இரண்டு கிழமை மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அந்த ஒரு கையெழுத்தோடு சட்டம் முழுதையும் படித்து முடித்துவிட்டதாக ஒரு நினைப்பு.

கணக்கு மிகச் சுலபம். அக்கா சட்டப்படி கலியாணமானவ. அத்தான் நோர்வேயில். அவருடைய கையெழுத்து இல்லாமல் அக்கா ஒரு முழக் காணியையும் ஒருவருக்கும் கொடுக்க முடியாது. அத்தானோ கையெழுத்து வைக்கமாட்டார், அவர் இருக்கிற திக்கே தெரியாது. ஆகவே வீடு பத்திரமாக இருக்கும், கடைசியில் தம்பியிடம் வரும். அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்த மனிதரை நான் அந்தளவு காலமும் என் ஆதனத்துக்குக் காவலாளியாக வைத்திருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

காவல் ஏன் தேவைப்பட்டது என்றால், அந்த வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். போர் முடிந்து அகதி முகாமிலிருந்து வெளியில் விடப்பட்டவள். ஊருக்குத் திரும்ப அவளுக்கு வீடும் இல்லை, ஆளும் இல்லை. அக்காவின் வாழைக்கு மண் அணைக்க ஒரு கிழமை வேலைக்கு வந்தவள் பதினாலு வருடம் நின்றுவிட்டாள். அக்கா கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது அவவைத் தூக்கி இருத்திக் குளிக்கவார்த்தது அவள்தான், நான் இல்லை. நான் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போய்க் கதிரையில் இருந்து புத்தி சொன்னேன். பிறகு, "பிள்ளை, ஒரு தேத்தண்ணி கொண்டா" என்றேன்.

ஒருநாள் அக்கா போன் எடுத்து, "ஒரு சின்ன அலுவல், ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வா" என்றா. போனேன். அச்சுவேலிக்குப் போகச் சொன்னா. சந்தைக்குப் பக்கத்தில், போட்டோக்கொப்பி எடுக்கிற கடையை ஒட்டி ஒரு நொத்தாரிசின் கந்தோர். நொத்தாரிசு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஆட்களைப் பார்க்கிறவர். எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அக்கா வீட்டை என் பேருக்கு எழுதப்போறா போல என்று நினைத்துச் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டேன்.

"அண்ணை கொஞ்சம் வெளியிலை இருங்கோ" என்றார் நொத்தாரிசு.

"இருக்கட்டும், அவனும் கேக்கட்டும்" என்றா அக்கா.

"சரி. அம்மா, இந்த வீடு உங்களுக்கு எப்பிடி வந்தது?"

நான் முந்திக்கொண்டேன். "அது எங்கடை முதுசம்."

"முதுசமோ, சீதனமோ?"

"சீதனம்" என்றா அக்கா.

"அப்ப முதுசம் எண்டு சொல்லாதேங்கோ அண்ணை. தாய் தேப்பன் செத்தாப் பிறகு உரித்தா வாறதுதான் முதுசம். கலியாணத்துக்கெண்டு எழுதிக் குடுத்தது சீதனம். அது முழுக்க இவவின்ரை. உங்களுக்கு அதிலை இண்டைக்கு ஒரு உரித்தும் இல்லை."

அந்த 'இண்டைக்கு' என்ற சொல் எனக்கு ஆறுதலாக இருந்தது.

"தேடியதேட்டம் ஏதும் இருக்கே? கலியாணம் முடிச்ச பிறகு புருஷனும் மனிசியுமாத் தேடி வாங்கின காணி பூமி?"

"இவர் தேடினதெல்லாம் நோர்வேயிலை நிக்குது" என்றா அக்கா. "பெரிசுக்கு இப்ப இருவத்தஞ்சு வயசிருக்கும்."

நொத்தாரிசு சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். நான் விட்டேனா? எனக்குத் தேவையான கேள்வியைக் கேட்டேன். "ஒண்டும் எழுதாமல் ஆள் செத்துப்போனால் என்ன நடக்கும்?"

"பிள்ளையள் இல்லை, தாய் தேப்பன் இல்லை. சீதன ஆதனம் கூடப்பிறந்தவைக்குப் போகும். நீங்கள்தான் உரித்தாளி. புருஷனுக்கு ஒரு சாணும் இல்லை."

உரித்தாளி! அப்படி ஒரு இனிமையான சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. அக்கா அதை ஒரு செக்கன்கூட அனுபவிக்க விடவில்லை.

"வீட்டையும் காணியையும் என்னோடை நிக்கிற பிள்ளைக்கு எழுதோணும்" என்றா.

ஆனால் என் கையில் துருப்பு இருக்கிறதே! மிகவும் பவ்வியமாக, "அத்தான்ரை கையெழுத்து இல்லாமல் ஏலாது எல்லோ?" என்று நொத்தாரிசைக் கேட்டேன்.

"சரியாச் சொன்னியள்" என்றார் அவர். நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். "உயிரோடை இருக்கேக்கை குடுக்கிறதெண்டால் அது நன்கொடை உறுதி. அதுக்குப் புருஷன்ரை சம்மதம் வேணும். ஆள் விட்டிட்டுப் போட்டார் எண்டால் கோட்டிலை சொல்லி அனுமதி எடுக்கலாம்."

"நான் கோட்டிலை போய் நிண்டு அந்தாளின்ரை கதை சொல்லவோ? வேண்டாம்" என்றா அக்கா.

"அப்ப மரண சாசனம் எழுதுங்கோ. நீங்கள் செத்தாப் பிறகுதான் அது வேலை செய்யும். அதுக்குப் புருஷன்ரை சம்மதம் தேவையில்லை."

"தேவையில்லையோ?" என்று கேட்டது அக்கா இல்லை, நான்.

"தேவையில்லை. சட்டத்திலையே அப்பிடித்தான் கிடக்கு."

கோதாரி! மூச்சு இருக்கும் வரைக்கும் ஒரு பெண் தன் வளவில் ஒரு மூலையைக் கொடுப்பதற்குப் புருஷனின் கையெழுத்து வேண்டும். மூச்சு நின்றால் முழு வளவையும் விரும்பிய ஆளுக்குக் கொடுக்கலாம். இந்தச் சட்டத்தை எழுதினவன் மனைவிக்கு முதல் தான் செத்துவிடுவேன் என்ற நம்பிக்கையில் எழுதியிருக்க வேண்டும். இத்தனை வருடமாக நோர்வேயில் நான் வைத்திருந்த காவலாளி ஒரு சதத்துக்கும் உதவவில்லை. அக்காவை விவாகரத்து எடுக்க விடாமல் கத்திய கத்தலெல்லாம் வீண். ஒரு மனுசியைச் சும்மா கட்டிப்போட்டு வைத்திருந்ததுதான் நான் கண்ட லாபம்.

ஆனாலும் ஆசை லேசில் விடுமா? எனக்கு இன்னொரு சொல் தெரிந்திருந்தது. குரலில் கொஞ்சம் கருணையைக் கலந்துகொண்டேன்.

"அக்கா, அவளுக்கு ஒரு இடம் வேணும் எண்டதுதானே உன்ரை கவலை? சீவிய உரித்தை அவளுக்கு எழுதன். சாகுமட்டும் இருக்கட்டும், ஆரும் எழுப்பேலாது. ஆதனத்தை எங்கடை ஆக்களுக்கு எழுது. அவளுக்கும் பாதுகாப்பு, வீடும் வெளியிலை போகாது."

நொத்தாரிசு தலையை ஆட்டினார். "ஓம், அப்பிடியும் எழுதலாம். கனபேர் அப்பிடித்தான் எழுதுகினம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. கோபம் இல்லை. சின்ன வயதில் நான் சீனிப் போத்தலுக்குள் கையை விட்டுப் பிடிபட்டபோது பார்த்த அதே பார்வை.

"சீவிய உரித்து எழுதினால் அவளுக்குத் தடிமன் வந்தாலும் நீ சந்தோசப்படுவாய்" என்றா. "அவள் எப்ப சாவாள் எண்டு நீ பாத்துக்கொண்டு இருப்பாய். நீ பாக்கிறாய் எண்டு அவளுக்கும் தெரியும். வேண்டாம் தம்பி. முழுசாக் குடுப்பம்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அறை விழவேண்டிய இடத்தில்தான் விழுந்தது.

பிறகு நொத்தாரிசு, சாசனத்தை நிறைவேற்றுபவராக யாரைப் போடுவது என்று கேட்டார். நிறைவேற்றுபவர் என்றால், ஆள் செத்த பிறகு சாசனத்தைக் கோட்டில் கொடுத்து, வழக்கு முடிந்ததும் ஆதனத்தை உரியவரிடம் ஒப்படைக்கிற ஆள். அக்கா யோசிக்கவே இல்லை.

"இவன்."

"நானோ? எனக்கு ஒண்டும் இல்லை, வேலை மட்டும் எனக்கோ?"

"விருப்பம் இல்லாட்டில் நிறைவேற்றுறவர் மறுக்கலாம்" என்றார் நொத்தாரிசு.

"மறுக்கமாட்டான்" என்றா அக்கா. "முப்பது வருசம் தபால் கந்தோரிலை இருந்தவன். ஆற்றையோ சாமானை ஆருக்கோ கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் இவன்ரை தொழில். ஒருநாளும் ஒரு கடிதத்தை உடைச்சுப் பாத்ததில்லை."

பக்கத்துக் கடைக்காரரும் நொத்தாரிசின் எழுதுவினைஞரும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். ஓட்டோவில் திரும்பி வரும்போது நான் வெளிப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். நீர்வேலிச் சந்தி தாண்டியதும் அக்கா சொன்னா, "அவளுக்கு இப்ப சொல்லாதை. சொன்னால் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு ஓடியிடுவாள்." வீட்டில் அவள் எங்களுக்காக முருங்கைக்காய்க் கறி வைத்திருந்தாள். கோபத்தில் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் அக்கா செத்துப்போனா. காய்ச்சல் என்று ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நாலாம் நாள் ஆள் இல்லை. அழுதேன். நடிப்பு இல்லை. எனக்கு மிஞ்சியிருந்த ஒரே இரத்தம் அது. கொள்ளி வைத்துவிட்டு வந்து குளிக்கும்போது, சாசனத்தைப் போட்டு நொத்தாரிசு தந்த கடித உறை என் அலுமாரியில் கிடப்பது நினைவு வந்தது. அழுகையோடு அழுகையாக அந்த நினைவும் வந்தது. மனுசப் பிறவி அப்படித்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்த பிறகு, அவள் குசினிக்குள்ளிருந்து வந்தாள். ஒரு துணிப்பை கட்டி வைத்திருந்தாள். வீட்டைப் பூட்டுகிற திறப்பை ஒரு தட்டத்தில் வைத்து, வெற்றிலை கொடுக்கிற மாதிரி என் முன்னால் நீட்டினாள்.

"அண்ணை, நான் எப்ப வெளிக்கிடோணும்?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "பாப்பம் பிள்ளை, இப்ப என்ன அவசரம்" என்றேன். திறப்பையும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

என் மனைவிக்குச் சாசனத்தின் விசயம் தெரியும். "ஆருக்குத் தெரியும்?" என்றா. "நொத்தாரிசு வீடு வீடாத் தேடி வரப்போறாவே? அவளுக்கு ஒரு ஆயிரம் ரெண்டாயிரம் குடுத்து அனுப்புங்கோ. வீட்டைத் திருத்தி வாடகைக்கு விடலாம்." நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் மூன்று கிழமை நீண்டது.

மூன்றாம் கிழமை, மத்தியானம், அவள் சைக்கிளில் எங்கள் படலைக்கு வந்தாள். கரியரில் பாதி வாழைக்குலை, சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தது. நீர்வேலியிலிருந்து மானிப்பாய் மட்டும் அந்த வெய்யிலில் உழக்கி வந்திருக்கிறாள்.

"அக்கா வைச்ச வாழை அண்ணை. குலை வெட்டினால் உங்களுக்குப் பாதி அனுப்புறவ. அதுதான் கொண்டந்தன். மற்றப் பாதியை வித்துக் கோயிலிலை அவவின்ரை பேரிலை விளக்கு வைச்சிட்டன். உங்களைக் கேக்காமல் செய்திட்டன், குறை நினையாதேங்கோ."

தன் வாழைக்குலைக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவளுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். நான் வேலை செய்த காலத்தில் ஒரு கடிதத்தை ஒரு நாள் மேலதிகமாக வைத்திருந்ததற்காக ஒரு தபால்காரனை எல்லோர் முன்னாலும் ஏசியவன். இங்கே அக்கா கண் மூடிய பிறகும் ஒரு உறை என் அலுமாரியில் ஐம்பத்திரண்டு நாள் கிடந்தது. உள்ளே போய் அதை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"பிள்ளை, அந்த வீடு உன்ரை. அக்கா எழுதி வைச்சிட்டா."

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை" என்றாள். சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் படலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். உறையோடு எடுத்துவந்த திறப்பை நீட்டினேன். வாங்கமாட்டேன் என்றாள். சைக்கிள் கரியரில் செருகி அனுப்பினேன். என் மனைவி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு வந்தது, கதை வரவில்லை. நானும் வாய் காட்டவில்லை. அவவின் சீதன வீட்டில் இருந்துகொண்டு என்னத்தைக் கதைக்கிறது?

பிறகு மரணசாசன வழக்கு நடந்தது. பேப்பரில் அறிவித்தல் போட வேண்டும், சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும், தவணைக்குத் தவணை கோட்டு வாசலில் காய வேண்டும். ஒரு தவணையில் நீதிபதி கடதாசிகளைப் புரட்டிவிட்டு, "இறந்தவருக்கு நீங்கள் தம்பி. இந்தச் சாசனத்தில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை, ஐயா" என்றேன். அவர் நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்த ஐம்பத்திரண்டு நாளைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த மாதங்களிலும் அவள் ஒரு அறைக்குள்தான் இருந்தாள். அக்காவின் அறையைக் கூட்டித் துடைத்துப் பூட்டி வைப்பாள். நான் போனால் கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தான் நிலத்தில் இருப்பாள். "வழக்கு மாறிப்போனால் சொல்லுங்கோ அண்ணை, நான் வெளிக்கிட ஆயத்தம்" என்பாள். துணிப்பை கதவுக்குப் பின்னால் கட்டினபடியே தொங்கியது.

வழக்கு முடிந்தது. நிறைவேற்றுபவர் என்ற முறையில் நான் கையெழுத்து வைத்து, அவளுடைய பேருக்கு உறுதி முடித்தாயிற்று. ஒரு சனிக்கிழமை காலை அந்த உறுதியைக் கடித உறைக்குள் போட்டுக்கொண்டு நீர்வேலிக்குப் போனேன். பழக்கதோசத்தில் சைக்கிளை உள்ளே உருட்டப் போனவன், படலையில் கை பட்டதும் நின்றேன். படலை சும்மா சாத்தித்தான் இருந்தது. தள்ளினால் திறக்கும். நேரே குசினிக்குப் போனால் சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பிறந்த நாளிலிருந்து நான் அந்தப் படலையில் கூப்பிட்டதில்லை. ஊரில் வேறு எந்த வீட்டுக்குப் போனாலும் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி, தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டேன்.

"வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!"

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியில் வந்தாள். படலையில் நிற்கிற என்னைக் கண்டாள். பிறகு, நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள்.